யோனாவும் நன்றாகவே உறங்கினான்



இந்த வாரத் தியானம் சற்றுக் கடுமையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வழக்காடுவது வெளியாரோடு அல்ல, நம்முடைய மேடைகளோடு. என்னுடைய பிரசங்க பீடமும் அவற்றுள் ஒன்று.

சென்ற ஆண்டு எங்கள் சபையில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. ஊழியரை அழைத்தவன் நானே. இரண்டாம் நாள் இரவு அவர், தூக்க மாத்திரையின் துணையோடு உறங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்றார். ஏறத்தாழ நாற்பது பேர் எழுந்தார்கள். அந்த எண்ணிக்கையே என்னைத் திகைக்க வைத்தது. ஞாயிறுதோறும் ஆலய வாசலில் நின்று கைகுலுக்கி அனுப்புகிறவன் நான். அவர்களில் ஒருவருடைய இரவைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு, மாத்திரை விசுவாசக் குறைவின் அடையாளம் என்றும், அதைக் கைவிடுகிற இரவிலேயே நித்திரை வரும் என்றும் அவர் சொன்னார். காணிக்கைப் பை சுற்றி வந்தது. கைப்பைகளிலிருந்தும் சட்டைப் பைகளிலிருந்தும் மாத்திரை அட்டைகள் அதில் விழுந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் கைதட்டினேன்.

எழுந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் அனைவருக்கும் அவர் டீச்சர்தான். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். தன் பெயரைப் போடாமல் மற்ற எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மாத்திரையை விட்ட முதல் இரவு அவர் உறங்கவில்லை. இரண்டாம் நாள் கைகள் நடுங்கின, உடல் முழுதும் வியர்த்தது, சுவர்க்கடிகாரத்தின் ஓசைகூடத் தாங்க முடியாததாயிற்று. விசுவாசப் போராட்டம் என்று எண்ணி வாய்திறவாமல் இருந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். மருத்துவமனைக் கட்டிலருகே நான் போய் நின்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, என் விசுவாசம் எந்த இடத்துல குறைஞ்சுபோச்சு?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. ஓராண்டு கழித்து இப்போது சொல்கிறேன்.

உறக்கத்தை விசுவாசத்தின் அளவுகோலாக வேதம் எங்கும் வைக்கவில்லை. கொந்தளிக்கும் கடலில் படகின் பின்புறத்தில் நம் ஆண்டவர் தலையணை வைத்து உறங்கினார். அதை நாம் பிரசங்கிக்கிறோம். ஏரோதின் சிறைச்சாலையில் இரண்டு சேவகர் நடுவே பேதுரு உறங்கினான், அதையும் பிரசங்கிக்கிறோம். ஆனால் தர்ஷீசுக்குப் போகும் கப்பலின் கீழ்த்தட்டில் யோனாவும் நன்றாகவே உறங்கினான். தேவனுக்குக் கீழ்ப்படியாமல் ஓடுகிறவன், புயலிலும் விழிக்காத அளவுக்கு அயர்ந்து உறங்கினான். நித்திரை விசுவாசத்துக்குச் சான்று என்றால் யோனாவின் குறட்டைக்கு என்ன விளக்கம் தருவோம்?

கெத்செமனேக்கு வாருங்கள். அந்த இரவில் உறங்கியவர்கள் சீஷர்கள். வியர்வையோடும் வியாகுலத்தோடும் விழித்திருந்தவர் பாவமில்லாதவர். நம் மேடைகளின் கணக்குப்படி பார்த்தால் அன்று தோட்டத்தில் விசுவாசத்தோடு இருந்தவர்கள் பேதுருவும் யாக்கோபும் யோவானும் என்றாகிறது. (அவர்கள் துக்கத்தினால் உறங்கினார்கள் என்று லூக்கா மட்டும் குறித்து வைத்திருக்கிறார். மருத்துவர் அல்லவா! ஒரே துயரம் ஒருவரை உறக்கத்தில் அமிழ்த்தும், இன்னொருவரை விடிய விடிய விழிக்க வைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

தமக்குப் பிரியமானோருக்குத் தேவன் உறக்கத்தை அருளுவதைப் பேசும் நூற்றிருபத்தேழாம் சங்கீதத்தை எடுத்து, உறங்காதவன் பிரியமற்றவன் என்று திருப்பிப் போடுகிறோம். அந்தச் சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை. வீடு கட்டுவதும் நகரத்தைக் காப்பதும் தன் கையில்தான் என்று எண்ணி விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை ஓடுகிறவனைப் பார்த்து அது பேசுகிறது. உறங்க இடம் தேடித் தவிக்கிறவனைக் குறித்து அது பேசவில்லை. அவனைக் குறித்துப் பேசுகிற சங்கீதம் வேறு: எழுபத்தேழு. அங்கே ஆசாப் தன் கண்ணிமைகளை மூடவிடாமல் பிடித்திருப்பவர் தேவனே என்று அவரிடமே முறையிடுகிறான். பேசவும் இயலாத கலக்கம் அவனுக்கு. அவனை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. அவனுடைய முறையீட்டை ஆலயத்தின் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

கவலையைப் பற்றியும் இதே தவறைச் செய்கிறோம். கவலைப்படக் கூடாது என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை, பதற்றநோயால் மார்பு படபடக்கும் ஒருவரிடம் நியாயப்பிரமாணத்தைப் போல வாசிக்கிறோம். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தான் பட்ட பாடுகளை அடுக்கும்போது, அநேகமுறை கண்விழித்ததையும் சேர்த்துச் சொல்கிறார்; சபைகளைக் குறித்த கவலை நாள்தோறும் தன்னை நெருக்குவதையும் மறைக்காமல் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வேர்ச்சொல். நம் தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் 'கவலை'தான். பிலிப்பியருக்கு எழுதியவர் கவலையே அறியாத மனிதர் அல்லர். கவலையோடு இருந்துகொண்டு, கவலையோடு இருக்கிறவர்களின் தோளில் கைபோட்டு எழுதினார். நாமோ அந்தக் கையை எடுத்துவிட்டு விரலை நீட்டுகிறோம்.

டீச்சரின் கதைக்குத் திரும்புகிறேன். அவர் மாத்திரைக்கு எப்படி வந்தார் என்பதை நீங்கள் அறியவேண்டும். கணவர் காலமான ஆண்டில் உறக்கம் கெட்டது. துக்கத்தில் உறக்கம் கெடுவது இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பி வரும். இவருக்கு வரவில்லை. வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் உறக்கம் கெட்டு, பகல் வாழ்வும் பாதிக்கப்பட்டால் அதை நாட்பட்ட உறக்கமின்மை என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். இவருக்கு வாரத்தில் ஐந்து இரவு. பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்தார். அமுக்கராக் கிழங்குச் சூரணம் ஒரு மண்டலம். எண்ணெய்க் குளியல். ஓமியோபதி உருண்டைகள். பிறகு ஒரு மருத்துவர் அல்பிரசோலம் கால் மில்லிகிராம் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அன்றிரவு ஏழு மணிநேரம் உறங்கினார். அந்தப் பத்து நாள் நான்கு ஆண்டாயிற்று, கால், ஒன்றரையாயிற்று.

அல்பிரசோலம் பென்சோடயசெபைன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1960-இல் விற்பனைக்கு வந்தது, அல்பிரசோலம் 1981-இல். சில நாட்களுக்கு, தக்க காரணத்துக்கு, இவை உண்மையாகவே உதவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் மூளை அந்த மருந்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பழைய அளவு போதாமற்போகிறது. ஒரு வேளை தவறினால் முன்பிருந்ததைவிடக் கடுமையான பதற்றம் எழுகிறது. அதை நோய் முற்றிவிட்டதாக எண்ணி இன்னொரு மாத்திரையைப் போடுகிறார்கள். நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடச் செய்தது 2020-இல். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவர் 1982 முதல் 1994 வரை இந்த மருந்துகளிலிருந்து மக்களை விடுவிப்பதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அவர் கண்ட வழி, அளவைச் சிறிது சிறிதாக, மாதக்கணக்கில், நோயாளியின் உடல் தாங்கும் வேகத்தில் குறைப்பது. ஓர் இரவில் எறிவது அவருடைய புத்தகத்தில் இல்லை.

ஆகவே, மேடையிலிருந்து மாத்திரையை எறியச் சொல்கிறவர் விசுவாசத்தைப் பிரசங்கிக்கிறார் என்று நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். உரிமமின்றி மருத்துவம் பார்க்கிறார், அதுவும் கேட்காமலே, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில். அவருக்கு மைக்கைக் கையில் கொடுத்தவனுக்கும் அதில் பங்குண்டு.

இவ்வளவு சொல்லிவிட்டு மருந்தகங்களையும் மருத்துவர்களையும் விட்டுவிட்டால் நியாயமாகாது. அல்பிரசோலம் எச்-1 அட்டவணை மருந்து. 2014 முதல், மருத்துவரின் சீட்டின்றி அதைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தனிப் பதிவேட்டில் நோயாளியின் பெயரும் மருத்துவரின் பெயரும் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டீச்சருக்கு நான்கு ஆண்டும் அந்தப் பழைய சீட்டே போதுமாக இருந்தது. பிறகு சீட்டும் வேண்டாமென்று ஆயிற்று. இடையில் வேறொரு மருத்துவர் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மருந்து ஒன்றை எழுதினார். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் படபடப்பும் உறக்கக்குலைவும் கூடலாம் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவரே நிறுத்திவிட்டார். நல்ல மருந்தாக இருந்திருக்கலாம். ஐந்து நிமிடச் சந்திப்பில் அந்த ஒரு வாக்கியத்துக்கு இடமில்லாமற்போனது.

அவர் குறட்டை விடுகிறாரா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், மூச்சுத்தடை உள்ளவருக்கு இந்த வகை மாத்திரை அதை இன்னும் மோசமாக்கக்கூடும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் படபடப்பும் உறக்கமின்மையும் வரும். உடலில் இரும்புச்சத்து குறைந்தால் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கச் செய்யும் ஒரு நோய் வரலாம். இவையெல்லாம் எளிய சோதனைகளில் தெரியக்கூடியவை. ஜெபிக்க வந்தவர்களிடம் நானாவது கேட்டிருக்கலாம், "இரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்று. நான் கேட்டதெல்லாம், குடும்ப ஜெபம் நடக்கிறதா என்பது.

அப்படியானால் பலன் தரும் சிகிச்சைதான் எது? இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் ஒருவரும் டீச்சரிடம் அதன் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக சிபிடி-ஐ என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட உறக்கமின்மை உள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் மருந்துக்கு முன்பாக முதலில் இதையே தரச் சொல்கிறது. ஐரோப்பிய உறக்க ஆய்வுச் சங்கமும் 2017-இல் அதையே சொன்னது.

அதன் வேலைமுறை நம் இயல்புக்கு நேர்மாறானது. உறக்கம் வராதவர் என்ன செய்கிறார்? சீக்கிரமே படுக்கைக்குப் போகிறார், பகலில் கொஞ்சம் கண்ணயர்கிறார், காலையில் நேரம் கழித்து எழுகிறார். எப்படியாவது இரண்டு மணிநேரம் சேர்ந்துவிடாதா என்ற ஏக்கம். ஆனால் ஒன்பது மணிநேரம் படுக்கையில் கிடந்து ஐந்து மணிநேரம் உறங்கும்போது, மீதி நான்கு மணிநேரமும் படுக்கை என்பது விழித்துத் தவிக்கும் இடம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. உறக்கத்தை முதலில் கெடுத்த துக்கம் நீங்கிய பிறகும் இந்தப் பாடம் நீங்குவதில்லை. ஆகவே சிகிச்சையாளர் இரண்டு வாரம் உறக்கக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார். ஐந்தரை மணிநேரம்தான் உறங்குகிறீர்கள் என்று குறிப்பேடு காட்டினால், ஐந்தரை மணிநேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் சொல்கிறார். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழவேண்டும், எப்படி உறங்கினாலும் சரி. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் அமரவேண்டும். கண் சொக்கும்போது திரும்பலாம். படுக்கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறக்கமாக மாறிய பிறகு, வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாக நேரம் கூட்டப்படும். எழுந்து போய் அமரும் முறையை ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்தார்; நேரத்தைச் சுருக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனவெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. இரவில் வண்டி ஓட்டுகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் கடினம். டீச்சர் அதை உபவாசத்தோடு ஒப்பிட்டார்.

இதுவும் மாயவித்தை அல்ல. இருபது ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இந்தச் சிகிச்சையால் உறங்கத் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக 19 நிமிடமும், நடு இரவில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்ததாகக் காட்டுகிறது. மேடை தந்த வாக்குறுதியோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் எவ்வளவு சிறியவை! இவற்றைக் கொண்டு யாரும் கூட்டம் சேர்க்க முடியாது. ஆனால் இரவில் அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை அனுபவித்தவரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். படுக்குமுன் கைப்பேசி பார்க்காதீர்கள், காப்பி குடிக்காதீர்கள், வெதுவெதுப்பான பால் குடியுங்கள் என்ற அறிவுரைப் பட்டியல் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. நல்ல பழக்கங்கள்தாம். ஆனால் இவற்றை மட்டுமே தனிச் சிகிச்சையாகத் தரவேண்டாம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2021-இல் பரிந்துரைத்தது. ஐந்து ஆண்டு உறங்காதவரிடம் பால் குடித்தீர்களா என்று கேட்பது, யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் காத்த மௌனத்தைவிட மோசமான பேச்சு.

இங்கே ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபிக்கிறவர்களுக்கு மட்டுமே இது புரியும் என்பதால் இங்கே எழுதலாம். "பதினொரு மணிக்கு ஜெபிச்சேன், வரலை. பன்னெண்டுக்கு இன்னும் ஊக்கமா ஜெபிச்சேன். ஒரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன்," என்றார் டீச்சர். உறக்கத்தின் விசித்திரம், அதைப் பிடிக்க முயன்றால் அது விலகும் என்பது. முயற்சியே விழிப்பு. ஜெபம் அந்த முயற்சியின் கருவியானால், ஒவ்வொரு ஆமெனுக்குப் பின்னும் உறக்கம் வந்ததா என்று உடலைச் சோதிக்கத் தொடங்குகிறோம், சோதனை தோற்கிறது, அடுத்த ஜெபம் இன்னும் பதற்றத்தோடு எழுகிறது. அப்படி நாமே ஜெபத்தைத் தூக்க மாத்திரையாக மாற்றிவிட்டோம். வேலை செய்யாதபோது விசுவாசத்தின் அளவைக் கூட்டச் சொன்னோம், கால் மில்லிகிராமை அரையாக்குவது போல. ஆசாப் அப்படி ஜெபிக்கவில்லை. அவன் உறக்கம் கேட்டதாகவே அந்தச் சங்கீதத்தில் இல்லை. தேவனோடு வழக்காடினான், பழைய நாட்களை நினைத்தான், விழித்திருந்தான்.

"அப்படியானால் தேவன் சுகமாக்குவதில்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். சுகமாக்குகிறார் என்று நம்புகிறேன். அதற்காக இன்றும் எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். எசேக்கியாவுக்குச் சுகம் தருவதாகக் கர்த்தர் வாக்களித்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா. வாக்குத்தத்தம் வந்துவிட்டதே, அத்திப்பழம் எதற்கு என்று அரசன் அதை எறியவில்லை. அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1907-இல் இந்தியாவுக்கு வந்தார். முதல் ஆண்டுகளிலேயே உடலும் மனமும் பலமுறை நொறுங்கி, ஊழியத்தையே விடும் நிலைக்கு ஆளானார். லக்னோவில் ஓர் இரவு ஜெபத்தில் தனக்கு விடுதலை கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் மேடைகளுக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா? ஆனால் அந்த மனிதர் பிறகு என்ன செய்தார் என்பதை மேடைகள் சொல்வதில்லை. 1950-இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவ மையத்தை நிறுவினார். தனக்கு ஜெபத்தில் கிடைத்ததை மற்றவர்களுக்கு மருத்துவரிடம் கிடைக்கவொட்டாமல் தடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்பர்ஜனின் பிரசங்கங்களை எடுத்தாளாத போதகர் நம்மில் குறைவு. 1856-இல் லண்டன் சர்ரே தோட்ட மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ நெருப்பு என்று பொய்யாகக் கூவியதில் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். இருபத்திரண்டு வயது இளைஞர் அவர். அதற்குப் பின் வாழ்நாள் முழுதும் மனச்சோர்வு அவரை விட்டுவிட்டு வருத்தியது. போதகப் பயிற்சி மாணவர்களுக்கு அவர் ஆற்றிய விரிவுரைகளில் ஓர் அதிகாரமே இதைப் பற்றியது. அவருடைய விசுவாசம் எங்கே குறைந்தது என்று நாம் கேட்பதில்லை. சபையின் கடைசி வரிசையில் அமரும் டீச்சரிடம் மட்டும் கேட்கிறோம்.

மனநல மருத்துவரிடம் போவது நம் மக்களுக்கு இன்னும் வெட்கமாகவே இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை பெறாதோர், நோய்க்கேற்ப நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு வரை. அந்த வெட்கத்தை வளர்த்ததில் சபைக்குப் பங்கில்லை என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது. இந்த எண்ணை எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதினோம். மூப்பர் ஒருவர், ஆலயச் சுவரில் இதற்கென்ன வேலை என்றார். அவருடைய மருமகள் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

முழு இரவு ஜெபத்தையும் குறித்து என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு வருத்தம் தரும். ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளியன்று இரவு பத்து முதல் காலை நான்கு வரை நடத்திவந்தோம். எழுகிற நேரம் நிலையாக இருக்கவேண்டிய நோயாளிகளை மாதந்தோறும் குலைத்துவிட்டு, மறுநாள் அவர்களுடைய உறக்கத்துக்காக ஜெபித்தோம். மனவெழுச்சி நோய் உள்ளவருக்கு ஓர் இரவு உறக்கத்தை இழப்பதே நோயைக் கிளப்பிவிடக் கூடும். உறங்காமை பரிசுத்தத்தின் அடையாளம், உறங்க இயலாமை பாவத்தின் அடையாளம் என்று ஒரே வாயால் எப்படிச் சொன்னோமோ! இந்த மாதம் முதல் அந்தக் கூடுகை மாலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். விழித்திருந்து ஜெபிக்க விரும்புகிறவர்களை நான் தடுக்கவில்லை. நோயாளிகள் வராவிட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் மாத்திரையை எறிந்தார்கள், எத்தனை பேர் மறுநாளே கடைக்குப் போய் இரகசியமாக வாங்கினார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பெரும்பாலோர் வாங்கியிருந்தார்கள். என்னிடம் சொல்லப் பயந்தார்கள். அவர்கள் வாங்கியதற்காகத் தேவனைத் துதித்த ஒரே போதகன் நானாகத்தான் இருப்பேன். இன்னும் யாரேனும் உட்கொண்டுவந்தால், தாமாக நிறுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் போகட்டும், தனியே போகத் தயங்கினால் நான் கூட வருகிறேன் என்று சென்ற ஞாயிறு பீடத்திலிருந்து அறிவித்தேன். கைதட்டியதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

டீச்சர் இப்போது அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். உடலில் நெடுநேரம் தங்கும் வேறொரு மருந்துக்கு மாற்றி, மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார்கள். பதினான்கு மாதத்தில் பழைய அளவில் கால்பங்குக்கு வந்திருக்கிறது. நடுவில் இரண்டு முறை குறைப்பதை நிறுத்திக் காத்திருக்க நேர்ந்தது. உளவியலாளரைப் பார்க்க இரண்டு மணிநேரப் பேருந்துப் பயணம். ஆறு அமர்வுக்கும் தவறாமல் போனார். எல்லா இரவும் நல்ல இரவு அல்ல. உறக்கம் வராதபோது முன்னறை நாற்காலியில் போய் அமர்கிறார், விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு, கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு. அந்த நேரத்தில் ஜெபிப்பீர்களா என்று கேட்டேன், பழைய வழக்கம் விடவில்லை எனக்கு.

"சில நாள் ஜெபிப்பேன், ஐயா. சில நாள் சும்மா இருப்பேன். சும்மா இருந்தாலும் அவர் போயிடுறதில்ல," என்றார்.

நேற்று மாலை குருமனைக்கு வந்து உறக்கக் குறிப்பேட்டைக் காட்டிவிட்டுப் போனார். ஆசிரியையின் கையெழுத்து, சிவப்பு மையில் கூட்டல் கணக்கு: இந்த வாரச் சராசரி, ஐந்தே முக்கால் மணிநேரம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்